எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (எம்.கே.டி., மார்ச் 1, 1910 - நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும், நாடக நடிகரும், கருநாடக இசைப் பாடகரும் ஆவார். தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரம் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுபவர். 1934 ஆம் ஆண்டு வெளிவந்த பவளக்கொடி திரைப்படத்தின் மூலம் அறிமுகமான இவர், தம் வாழ்நாளில் 14 திரைப்படங்களில் மட்டுமே நடித்தார். அவற்றுள் 1944 இல் வெளிவந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படமாகும். அப்படம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டு, தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். 1947 இல் குற்றமற்றவர் என விடுதலை செய்யப்பட்டபோதும், பழைய புகழை இவரால் மீண்டும் பெற இயலவில்லை.

இளமைக்காலம்

பாகவதர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) விசுவகர்ம சமூகத்தைச் சேர்ந்த பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது இளமையிலேயே குடும்பம் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் திருச்சியே இவரது ஊராக அமைந்தது. இவரது தம்பி எம். கே. கோவிந்தராஜ பாகவதரும் இசைக் கலைஞரே.

படிப்பில் நாட்டமின்றிப் பாட்டிலேயே கருத்தாக இருந்த சிறுவன் தியாகராஜன், அதனால் வீட்டில் கண்டிக்கப்பட்டு ஊரை விட்டு ஓடிப்போனதாகவும், ஆந்திரப் பகுதியிலுள்ள கடப்பையில் மக்கள் கூடியிருக்கப் பாடிக்கொண்டிருந்தபோது தந்தையார் கண்டுபிடித்து அழைத்து வந்ததாகவும் இவரது வாழ்க்கை வரலாறுகளில் கூறப்படுகிறது. அதன் பின்னர் குடும்பத்தினர் இவரது பாட்டுக்குத் தடை சொல்லவில்லை என்பர்.

நாடக வாழ்க்கை

திருச்சியில் இரசிக ரஞ்சன சபா என்ற அமைப்பை நடத்தி வந்த எஃப். ஜி. நடேச ஐயர், இரயில்வே அதிகாரியாகப் பணியாற்றியவர். நாடகத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். சிறுவனின் குரலைக் கேட்ட அவர், தமது அரிச்சந்திரா நாடகத்தில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன் வேடத்தை அளித்தார். அதுவே பாகவதரின் முதல் மேடையேற்றம். அப்போது இவருக்கு ஏறத்தாழப் பத்து வயது.

அக்காலத் தமிழ் நாடக மேடையில் நடிப்பைவிடப் பாட்டே முதன்மை பெற்றிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த இசை நாடகங்களில் கதைமாந்தர்கள் தங்கள் மகிழ்ச்சி, துயரம், கோபம், வாக்குவாதம் அனைத்தையும் பாடல்களாலேயே வெளிப்படுத்தினர். ஒலிபெருக்கி பரவலாகாத காலமாதலால், பின்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாட வேண்டியிருந்தது. நாடகங்கள் இரவில் தொடங்கி விடியும்வரை நடைபெறுவது வழக்கம். எனவே நீண்ட நேரம் களைக்காமல் மேல் தாயியில் நின்று பாடும் குரலே நடிகரின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது. எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) இத்தகைய பாட்டால் மேடையில் தனியிடம் பெற்றிருந்தார். இளம் தியாகராஜனும் அதே மேடை மரபில் வளர்ந்தவர்.

இசைப் பயிற்சி

நாடகத்தில் கிடைத்த பெயரால் மட்டும் நிறைவடையாமல், பாகவதர் முறையான கருநாடக இசைப் பயிற்சியும் பெற்றார். வயலின் கலைஞரான மதுரை பொன்னு ஐயங்காரிடம் சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடமும் பாடம் கேட்டார். புகழ்பெற்ற ஆலத்தூர் சகோதரர்களை உருவாக்கியவர் வெங்கடேச ஐயரே.

திருச்சியில் நடந்த இவரது அரங்கேற்றக் கச்சேரியில் கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை பக்கவாத்தியம் வாசித்தார் என்றும், அவரே இவரைப் 'பாகவதர்' என்று அழைத்துச் சிறப்பித்தார் என்றும் கூறப்படுகிறது. பொதுவாகக் கதாகாலட்சேபம் செய்வோருக்கும் இசை வல்லுநர்களுக்கும் வழங்கப்பட்டு வந்த அப்பட்டம், பின்னர் இவரது பெயராகவே நிலைத்துவிட்டது. 'ஏழிசை மன்னர்' என்றும் இரசிகர்கள் இவரை அழைத்தனர்.

திரைப்படத் துறை

பவளக்கொடி (1934)

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் மேடையில் ஏற்கெனவே வெற்றி பெற்ற நாடகங்களே. பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் இணைந்து நடித்துவந்த பவளக்கொடி நாடகமும் அவ்வாறே திரைக்கு வந்தது. அருச்சுனன், பவளக்கொடி, அல்லி ஆகியோரைப் பற்றிய நாட்டார் வழக்குக் கதை இது. இதன் மூலம் கே. சுப்பிரமணியம் இயக்குநராக அறிமுகமானார். பாகவதர் அருச்சுனனாகவும், சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்தனர்.

சென்னை அடையாற்றில் திறந்தவெளியில் சூரிய ஒளியைக் கொண்டு இப்படம் எடுக்கப்பட்டது. பின்னணிப் பாடல் முறை அப்போது இல்லை. நடிகர்கள் படக்கருவியின் முன் நின்று நடித்துக்கொண்டே பாட, பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே அமர்ந்து வாசித்தனர். பாடலும் காட்சியும் ஒருங்கே பதிவாயின. நன்றாகப் பாடத் தெரிந்தவர் மட்டுமே கதாநாயகராக இயலும் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பாடல்களைக் கொண்டிருந்த பவளக்கொடி பெரும் வெற்றி பெற்றது. இப்படத்தில் பணியாற்றிய பாபநாசம் சிவன், பின்னர் பாகவதரின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை இயற்றினார்.

இதையடுத்து நவீன சாரங்கதாரா (1936), சத்தியசீலன் (1936) ஆகிய படங்களில் பாகவதர் நடித்தார்.

சிந்தாமணியும் அம்பிகாபதியும் (1937)

1937 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்கள் பாகவதரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றன.

முதலாவது, மதுரை ராயல் டாக்கி நிறுவனத்தாருக்காக ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணி. கணிகை ஒருத்தியிடம் மயங்கி மனைவியை மறந்த பில்வமங்கள், பின்னர் மனம் மாறிக் கண்ணன் அடியாராகும் கதை இது. சிந்தாமணியாக கே. அசுவத்தம்மா நடித்தார். ஒரே திரையரங்கில் ஓராண்டுக்கும் மேலாக ஓடிய முதல் தமிழ்ப்படம் இதுவே எனக் குறிப்பிடப்படுகிறது. இப்படத்தின் வருவாயைக் கொண்டு மதுரையில் கட்டப்பட்ட திரையரங்குக்குச் சிந்தாமணி என்றே பெயரிடப்பட்டது. அத்திரையரங்கு பல பத்தாண்டுகள் அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கியது.

இரண்டாவது, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி. கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதி ஆகியோரின் காதலையும் முடிவையும் கூறும் செவிவழிக் கதையை அடிப்படையாகக் கொண்டது. அமராவதியாக எம். ஆர். சந்தானலட்சுமியும், கம்பராகச் செருகளத்தூர் சாமாவும் நடித்தனர். டி. எஸ். பாலையா எதிர்நாயகனாகத் தோன்றினார். தமிழ் அறியாத டங்கன், காட்சி அமைப்பிலும் படக்கருவியின் இயக்கத்திலும் கவனம் செலுத்தியதால், மேடை நாடகத்தைப் படம்பிடித்தது போன்ற தன்மை இதில் குறைந்திருந்தது. உரையாடலை இளங்கோவன் எழுதினார். திரைப்பட வசனம் தனிக்கவனம் பெறத் தொடங்கியது இளங்கோவனின் எழுத்தால்தான் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

திருநீலகண்டர் முதல் சிவகவி வரை

1939 இல் வெளிவந்த திருநீலகண்டர், பாகவதரின் சொந்தத் தயாரிப்பாகும். ராஜா சாண்டோ இயக்கினார். பெரியபுராணத்தில் வரும் குயவர் குலத்துச் சிவனடியாரின் கதையான இதில் என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இணையின் நகைச்சுவையும் இடம்பெற்றது. கிருஷ்ணனுடன் ஏற்பட்ட தொழில் உறவு பின்னர் நெருங்கிய நட்பாக வளர்ந்தது.

1941 இல் ராஜா சந்திரசேகர் இயக்கத்தில் அசோக்குமார் வெளிவந்தது. பேரரசர் அசோகரின் மகன் குணாளனாகப் பாகவதர் நடித்தார். சிற்றன்னையின் வஞ்சத்தால் பார்வையிழந்து, பாடிக்கொண்டே ஊர் ஊராகத் திரியும் இளவரசன் வேடம் அது. அசோகராக வி. நாகையாவும், சிற்றன்னையாகப் பி. கண்ணாம்பாவும் நடித்தனர். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் இப்படத்தில் சிறு வேடமொன்றில் தோன்றினார்.

1943 இல் வெளியான சிவகவி, பொய்யாமொழிப் புலவர் பற்றிய கதையாகும். ராஜா சாண்டோவால் தொடங்கப்பட்ட இப்படத்தை எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி முடித்தார். பாபநாசம் சிவனின் பாடல்களும் ஜி. இராமநாதனின் இசையும் இணைந்த படங்களுள் இது சிறந்ததாகப் பலராலும் மதிப்பிடப்படுகிறது.

ஹரிதாஸ் (1944)

இரண்டாம் உலகப்போரின்போது கச்சா படச்சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. திரைப்படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்த வரம்புக்குள் எடுக்கப்பட்ட படம் ஹரிதாஸ். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் சுந்தர் ராவ் நட்கர்னியின் இயக்கத்தில் உருவானது.

பெற்றோரைப் புறக்கணித்து, ரம்பா என்ற ஆடலழகியிடம் செல்வத்தை இழந்து, பின்னர் திருந்திப் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதையே வாழ்வாகக் கொள்ளும் ஒருவனின் கதை இது. பண்டரிபுரத்துப் புண்டரீகரின் கதையைத் தழுவியது. ரம்பாவாக டி. ஆர். ராஜகுமாரியும், மனைவியாகக் கருநாடக இசைப் பாடகி என். சி. வசந்தகோகிலமும் நடித்தனர். ரம்பாவை நோக்கிச் சாருகேசி இராகத்தில் பாகவதர் பாடும் பாடல், அவர் பாடிய அனைத்துப் பாடல்களிலும் மிகுந்த புகழ் பெற்றதாகும்.

1944 அக்டோபர் 16 அன்று தீபாவளியையொட்டி வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளின் தீபாவளிகளைக் கண்டது. ஒரே அரங்கில் நீண்ட காலம் ஓடிய தமிழ்ப்படம் என்ற இதன் சாதனை, 2005 இல் வெளிவந்த சந்திரமுகி படத்தாலேயே முறியடிக்கப்பட்டது.

சிந்தாமணி, திருநீலகண்டர், ஹரிதாஸ் ஆகிய மூன்று படங்களிலும் கதைப்போக்கு ஒன்றாக இருப்பதைக் காணலாம். நாயகன் இல்லற நெறியிலிருந்து வழுவுகிறான், துன்பமடைந்து திருந்துகிறான், இறையருளைப் பெறுகிறான். இவ்வமைப்பு பாகவதரின் குரலுக்குப் பொருத்தமாக அமைந்தது. முற்பகுதியில் காதல் பாடல்களையும், பிற்பகுதியில் உருக்கமான பக்திப் பாடல்களையும் பாட அது இடமளித்தது.

பாடும் முறை

பாகவதரின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கருநாடக இராகங்களை அடிப்படையாகக் கொண்டவை. ஆயினும் கச்சேரி மேடையின் விரிவான ஆலாபனையும் கற்பனைசுரமும் அவற்றில் இல்லை. மூன்று நிமிட இசைத்தட்டின் அளவுக்குள், இராகத்தின் சாயலை எடுத்த எடுப்பிலேயே காட்டி, சுருக்கமான பிருகாக்களுடன் பாடல் நிறைவுறும். சொற்கள் தெளிவாக ஒலித்தன. இசையறிவு இல்லாத கேட்போரும் பாடலை உடனே மனத்தில் வாங்கித் திரும்பப் பாட இயன்றது.

கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே பெரும்பான்மையாக இருந்த காலம் அது. தமிழிசை இயக்கம் 1940களில் வலுப்பெறுவதற்கு முன்பே, இராக இசையைத் தமிழ்ச் சொற்களில் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்த பணியைப் பாகவதரின் படங்களும் இசைத்தட்டுகளும் செய்தன. இதில் பாபநாசம் சிவனுக்கும் ஜி. இராமநாதனுக்கும் பெரும்பங்கு உண்டு. திரைப்படத்தில் நடித்து வந்த காலத்திலும் பாகவதர் ஊர்தோறும் கச்சேரிகள் செய்து வந்தார்.

தோற்றமும் புகழும்

தோள்வரை வளர்ந்து பின்னோக்கி வாரப்பட்ட இவரது தலைமுடி 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் பெற்று, இளைஞர்களால் பின்பற்றப்பட்டது. பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம், வைரக் கடுக்கன் ஆகியன இவரது அடையாளங்களாயின. இவர் பயணம் செய்யும் இரயில் நிற்கும் நிலையங்களில் மக்கள் திரள்வது வழக்கமாக இருந்தது. அக்காலத்தில் இவருக்கு இணையாகக் கருதப்பட்ட நடிகர் பி. யு. சின்னப்பா (1916-1951) ஆவார். சின்னப்பாவும் நாடக மேடையிலிருந்து வந்த பாடகரே. சண்டைக் காட்சிகளிலும் இரட்டை வேடங்களிலும் சின்னப்பா பெயர் பெற்றிருந்தார். பாகவதரின் இரசிகர்களோ அவரது பாட்டுக்காகவே அரங்குகளுக்கு வந்தனர்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சி. என். இலட்சுமிகாந்தன், திரைப்படக் கலைஞர்களின் தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றிய அவதூறுச் செய்திகளை வெளியிட்டு வந்த இதழாளர். முன்னர் ஆவண மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். அவர் நடத்திய சினிமா தூது என்ற இதழுக்கு எதிராகப் பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். அவ்விதழ் நின்றுபோனபின், இந்துநேசன் என்ற இதழை இலட்சுமிகாந்தன் நடத்தினார். அதிலும் அதே வகைச் செய்திகள் தொடர்ந்தன.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்சாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அரசு பொது மருத்துவமனையில் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், கொலைச் சதியில் பங்குண்டு என்ற குற்றச்சாட்டின் பேரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவர். ஹரிதாஸ் வெளிவந்து அப்போது மூன்று மாதங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழுவுடன் விசாரிக்கப்பட்டது. நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என நடுவர்களுள் ஆறு பேர் கருதினர், மூவர் மாறுபட்டனர். பெரும்பான்மை முடிவை ஏற்று, 1945 மே மாதத்தில் இருவருக்கும் வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தண்டனை நடைமுறையில் ஆயுள் சிறையாகவே இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

அதன்பின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அன்றைய இந்தியாவுக்கு அதுவே இறுதி முறையீட்டு மன்றம். மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் சாட்சியங்களை மறுபடி ஆராய்ந்து, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தனர். 1947 ஏப்ரல் இறுதியில் இருவரும் விடுதலையாயினர். இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார், கொல்லத் தூண்டியவர் யார் என்பது இன்றுவரை தீராத வினாவாகவே உள்ளது.

கைது முதல் விடுதலை வரை பாகவதர் சிறையில் கழித்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகும். அக்காலத்தின் பெரும்பகுதியில் ஹரிதாஸ் பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபுறம், இவர் நடிப்பதாக ஒப்புக்கொண்டிருந்த படங்கள் கைவிடப்பட்டன அல்லது வேறு நடிகர்களுக்குச் சென்றன. உதயணன் என்ற படத்தில் இவருக்குப் பதிலாகக் கருநாடக இசைக் கலைஞர் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். முன்பணங்களைத் திருப்பியளித்ததாலும், வழக்குச் செலவுகளாலும் பாகவதரின் செல்வம் பெருமளவு கரைந்தது.

விடுதலைக்குப் பின்

விடுதலையான பின்னர் பாகவதர், நரேந்திரா பிக்சர்ஸ் என்ற தம் சொந்த நிறுவனத்தின் மூலம் ராஜமுக்தி (1948) படத்தைத் தயாரித்து நடித்தார். புனே நகரில் படப்பிடிப்பு நடைபெற்றது. ராஜா சந்திரசேகர் இயக்கினார், சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார். பி. பானுமதி, வி. என். ஜானகி, எம். ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் உடன் நடித்தனர். எம். எல். வசந்தகுமாரி பின்னணிப் பாடகியாக அறிமுகமானது இப்படத்தில்தான். வசனம் எழுதும் பணிக்காகப் புனே சென்ற எழுத்தாளர் புதுமைப்பித்தன், அங்குக் காசநோய்க்கு ஆளாகித் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி 1948 இல் காலமானார். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ராஜமுக்தி தோல்வியடைந்தது.

நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1952 இல் அமரகவி, சியாமளா ஆகிய இரு படங்கள் வெளிவந்தன. அமரகவியில் டி. ஆர். ராஜகுமாரி மீண்டும் இவருடன் நடித்தார். பாடல்கள் பாராட்டப்பட்டபோதும், இப்படங்கள் முன்னைய படங்களைப் போல் ஓடவில்லை. 1957 இல் தாமே தயாரித்து இயக்கிய புதுவாழ்வு வெளியானது. இதுவும் வெற்றி பெறவில்லை. கடைசிப் படமான சிவகாமி, இவரது மறைவுக்குப் பின்னர் 1960 இல் வெளிவந்தது.

திரைவாழ்வின் சரிவுக்கான காரணங்கள்

சிறைவாசமே பாகவதரின் திரைவாழ்வை முடித்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் அவருடன் அதே வழக்கில் தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான என். எஸ். கிருஷ்ணன், நல்லதம்பி (1949), மணமகள் (1951) ஆகிய படங்களின் மூலம் மீண்டும் வெற்றி பெற்றார். ஆகவே, சிறைத் தண்டனையால் ஏற்பட்ட களங்கம் ஒன்றையே காரணமாகக் கூற இயலாது. அக்காலத்தில் திரைப்படத் துறையில் நிகழ்ந்த மாற்றங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது மாற்றம் பின்னணிப் பாடல் முறையாகும். 1938 இல் வெளிவந்த நந்தகுமார் படத்தில் தொடங்கிய இம்முறை, 1940களின் பிற்பகுதியில் பொதுவழக்கானது. அதன்பின் நடிகருக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. பாகவதரோ பிற நடிகர்களுக்காகப் பின்னணி பாடுவதை மேற்கொள்ளவில்லை.

இரண்டாவது மாற்றம் வசனத்தின் வளர்ச்சியாகும். சி. என். அண்ணாதுரையின் வேலைக்காரி (1949), மு. கருணாநிதி வசனம் எழுதிய பராசக்தி (1952) போன்ற படங்கள் சமூகச் சிக்கல்களை அடுக்குமொழி உரையாடலில் பேசின. பராசக்தியில் அறிமுகமான சிவாஜி கணேசனின் வசன உச்சரிப்பு, நடிப்புக்குப் புதிய அளவுகோலாயிற்று. பாகவதரின் அமரகவியும் சியாமளாவும் வெளியானது அதே 1952 ஆம் ஆண்டில்தான்.

மூன்றாவது மாற்றம் கதைப்பொருளில் ஏற்பட்டது. புராண, பக்திக் கதைகளின் இடத்தைச் சமூகக் கதைகளும், வாட்போர் நிறைந்த அரச கதைகளும் பிடித்துக்கொண்டன. கிருஷ்ணனின் நகைச்சுவையும் சீர்திருத்தக் கருத்துகளும் இப்புதிய சூழலுக்கு இயல்பாகவே பொருந்தின. பாகவதரின் கலையோ நாடக மேடை மரபைச் சார்ந்திருந்தது. மாற்றம் விரைவாக நிகழ்ந்த ஆண்டுகளில் அவர் சிறையில் இருந்தமையால், அதற்கேற்பப் படிப்படியாகத் தம்மை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை.

மறைவு

இறுதி ஆண்டுகளில் பாகவதர் திரைப்படங்களைக் குறைத்துக்கொண்டு, கோயில்களிலும் விழாக்களிலும் கச்சேரிகள் செய்து வந்தார். நீரிழிவு நோயாலும் ஈரல் நோயாலும் துன்புற்றார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1959 நவம்பர் 1 அன்று தமது 49 ஆம் வயதில் காலமானார். இவரது உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

பாகவதருக்குப் பின் தமிழ்த் திரையில் முதன்மைப் பின்னணிப் பாடகராக விளங்கிய டி. எம். சௌந்தரராஜன் (1922-2013), தொடக்கத்தில் பாகவதரைப் பின்பற்றிப் பாடியவர். கிருஷ்ண விஜயம் (1950) படத்தில் அவர் பாடிய முதல் பாடல் பாகவதரின் பாணியிலேயே அமைந்திருந்தது. பாகவதரின் பாடல்களுக்கு இசையமைத்த ஜி. இராமநாதன், தூக்குத் தூக்கி (1954) படத்தில் சிவாஜி கணேசனுக்காகச் சௌந்தரராஜனைப் பாடவைத்தார். இவ்வாறு பாகவதரின் பாடும் முறை, பாகவதர் நடிக்காத படங்களிலும் வேறு நடிகர்களின் வாயசைப்பில் தொடர்ந்தது.

1934 முதல் 1944 வரையிலான பத்தாண்டுகளில் நடித்த ஒன்பது படங்களே பாகவதரின் புகழுக்கு அடிப்படையாகும். அக்காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் படச்சுருள்கள் அழிந்துவிட்டபோதும், ஹரிதாஸ், சிவகவி, அசோக்குமார் போன்ற படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு அரசு இவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது.

நடித்த திரைப்படங்கள்

1934 - பவளக்கொடி
1936 - நவீன சாரங்கதாரா
1936 - சத்தியசீலன்
1937 - சிந்தாமணி
1937 - அம்பிகாபதி
1939 - திருநீலகண்டர்
1941 - அசோக்குமார்
1943 - சிவகவி
1944 - ஹரிதாஸ்
1948 - ராஜமுக்தி
1952 - அமரகவி
1952 - சியாமளா
1957 - புதுவாழ்வு
1960 - சிவகாமி